இருந்தபடி எடுத்த அளவு

தையற்கடைக்கு வருகிறவரிடம் தையற்காரன் முதன்முதலாகச் சொல்லும் வார்த்தை ‘நேரே நில்லுங்கோ’ என்பது. பதினாறாவது வயதில், திருகோணமலைப் பட்டினத்தில் என் சிறிய தகப்பனார் வைத்திருந்த கடையில், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்ட நாள் முதலாக அந்த வார்த்தையை நானும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. தோளிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கும் நாடா இறங்குகிற வழியெல்லாம், மனிதன் என்பவன் இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்பவன் என்ற ஓர் எண்ணம் இத்தொழிலுக்குள்ளே ஊறிக் கிடக்கிறது என்பதை நெடுங்காலம் நான் அறியாதிருந்தேன். அதை எனக்கு உணர்த்தியவர்கள், நிற்க முடியாதவர்களும், நிற்பதற்கு முன்னால் ஒரு காலை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தவர்களும் ஆவர்.

எனது ஊர் திரியாய். திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் காடுமாக வடக்கே போகிறவர்கள் எங்கள் ஊரைக் காண்பார்கள். சரித்திரம் படித்தவர்களுக்கு, அவ்வூர்க் குன்றின்மேல் உள்ள பழைய பௌத்த சைத்தியத்தினாலும், கடலோடுவதில் வல்ல வணிகர்களைப் பற்றிக் கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டிய வடமொழிச் சாசனத்தினாலும் இப்பெயர் பழக்கமாயிருக்கும். எங்களுக்கோ அது குளமும் வயலும் கோயிலும் கொண்ட வீடு. 1985 ஆம் ஆண்டில் அந்த வீடு எங்களுக்கு இல்லாமற் போயிற்று. ஊர் முழுவதும் வெளியேறிய அவ்வருஷத்தில், தலைமேல் வைத்து எடுத்துச் செல்லக்கூடியது எது என்று ஒவ்வொருவரும் யோசித்தபோது, நான் தூக்கிக்கொண்டு போனது என் சிங்கர் இயந்திரத்தின் தலைப்பாகத்தை மாத்திரமே. மிதிபலகையும் கால்களும் அங்கேயே நின்றுவிட்டன.

அப்படியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, ஒரு கடையின் விறாந்தையில் இடம் பிடித்து, ஜீவனத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த காலத்திலேதான் ஒரு கணித மாஸ்ரர் வந்தார். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடதுகாலை இழந்தவர். 1987 இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் அவருக்குச் செயற்கைக்கால் பொருத்தியிருந்தார்கள். அந்தக் காலின் கதையை எனக்குச் சொன்னவரும் அவரே: ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரிலே, ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் 1968 அளவில் சேர்ந்து உண்டாக்கிய ரப்பர்ப் பாதம், சப்பாத்துப் போட்டு நடக்கும் மேல்நாட்டாருக்காக அல்லாமல், வெறுங்காலோடு வயற்சேற்றில் இறங்கவும், நிலத்தில் சம்மணமிட்டு இருக்கவும், குந்தியிருக்கவும் வேண்டிய நம்மவருக்காக நினைத்துச் செய்யப்பட்டது என்பதை, பாடம் நடத்துகிற தோரணையிலேயே விளக்கிவிட்டு, கடைசியில் அவர் சொன்னார்: “கால் தந்துவிட்டார்கள், தம்பி. அதற்குமேல் போடுகிற காற்சட்டையைத்தான் ஒருவரும் தரவில்லை.”

அவருடைய சிரமம் இன்னதென்று நான் விளங்கிக்கொள்ளவே ஒரு நாள் சென்றது. நமது பாதம் காற்சட்டைக்குள் நுழையும்போது தானாகவே நுனிவிரலை நீட்டி ஒடுங்கிக்கொள்கிறது. ரப்பர்ப் பாதம் அப்படிச் செய்யாது. குதிக்கால் துணியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகையால் முதலில் செயற்கைக்காலுக்குக் காற்சட்டையை அணிவித்து, பிறகு காலையும் காற்சட்டையையும் ஒன்றாகத் தாம் அணிந்துகொள்வது அவர் வழக்கம். அது காலையில் சரி. பாடசாலையில் மத்தியான வெயிலில், வியர்வையினால் காலுறை நனைந்து, முழங்காலுக்கு மேலுள்ள வார் இளகிவிட்டால், அதை இறுக்குவதற்காக முழுக் காற்சட்டையையும் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு மறைவான ஓர் இடம் வேண்டும். அவ்விடம் அப்பாடசாலையில் இல்லை. இதற்காகவே அவர் அகலமான வேட்டியைக் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். வேட்டி காற்றில் விலகும்போது அலுமினியத் தகடு தெரிய, பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணிதம் கற்பிக்கும் ஒருவருக்கு, கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நாற்பது கண்கள் தம்முடைய காலைப் பார்ப்பது எத்தகைய வேதனையாயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்தது பெரிய சாமர்த்தியம் ஒன்றுமன்று. காற்சட்டையின் வெளிப்பக்கத்து மூட்டைக் கீழ்விளிம்பிலிருந்து முழங்காலுக்கு ஒரு சாண் மேல்வரை பிரித்து, அங்கே ஒரு நீண்ட சிப்பை வைத்து, அதன்மேல் துணி மடிப்பொன்று சரியாக விழும்படி தைத்தேன். தகட்டின் விளிம்பு துணியை அரித்துப் பொத்தலாக்கிவிடும் என்பதால், உட்புறத்தில் சற்றீன் துணியால் ஓர் அகத்துணி கொடுத்தேன். அந்த வழுவழுப்பினால் நடக்கும்போது துணி முழங்காலில் ஏறிச் சிக்கிக்கொள்ளாமல் தானாக வழுக்கி இறங்கியது. மற்றக் காலுக்கும் அதே மடிப்பை, சிப் இல்லாமல், அலங்காரமாக வைத்தேன். இதுதான் முக்கியம். ஒரு காலில் மாத்திரம் மடிப்பு இருந்தால் அது ஊனத்தின் அடையாளம். இரண்டு கால்களிலும் இருந்தால் அது பாணி. மறுமாதத்தில், சுகதேகியான ஓர் இளைஞன் வந்து, ‘மாஸ்ரருடைய மாதிரியான காற்சட்டை’ தனக்கும் வேண்டும் என்று கேட்டபோது நான் அடைந்த ஆனந்தத்துக்கு ஈடாக இத்தொழிலில் வேறொன்றை இன்றுவரை அநுபவித்ததில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் ஊருக்குத் திரும்பினேன். வெளியேறியவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினார்கள். காடேறிய காணிகளைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் போட்டோம். கொட்டிலின் முன்பகுதி கடை. மீண்டும் போர் மூண்டு, 2009 மே மாதத்தில் முடிந்த பின்னர், முள்ளந்தண்டில் காயம்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன இளைஞர்களும் பெண்களும் எங்கள் மாவட்டத்துக்கு வந்து சேரத் தொடங்கினார்கள். சக்கர நாற்காலி வந்தது. அதனோடு எனக்குத் தெரியாத ஓர் உடலும் வந்தது.

அவர்களில் ஒருவருக்கு நான் இழைத்த தவறை இங்கே எழுதாமல் விடுவது நேர்மையாகாது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை. ‘எல்லாரும் போடுகிற மாதிரி டெனிம் வேண்டும், அண்ணை’ என்று கேட்டான். நான் என் வழக்கப்படி, அவன் நிற்பதாகப் பாவித்து அளவெடுத்து, உறுதியாயிருக்கட்டும் என்று இரட்டைத் தையல் போட்டு, பின்புறத்தில் இரண்டு பைகளும் வைத்து, பை மூலைகளில் செப்புக் குமிழும் அடித்துக் கொடுத்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குமிழ் இருந்த இடத்தில் வட்டமாகத் தோல் கறுத்து, நடுவே புண்ணாகத் தொடங்கியிருந்தது. உணர்ச்சியுள்ள சரீரம் ஒரு சிறு கல்லின்மேல் இருந்தாலும் தன்னையறியாமல் அசைந்து விலகிக்கொள்ளும். உணர்ச்சியற்ற சரீரத்துக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. பாரம் ஓரிடத்திலேயே தங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசை உள்ளிருந்து அழுகத் தொடங்கிவிடும். அந்தப் புண் ஆற நாலு மாதம் சென்றது. நாலு மாதமும் அவன் குப்புறப் படுத்திருந்தான். ஒரு நாளாவது அவன் என்னைக் குறைசொல்லவில்லை. அவனுடைய தாயாரும் சொல்லவில்லை. அதனாலேயே அது என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை.

அதற்குப் பின்பே நான் இருந்தபடி அளவெடுக்கக் கற்றேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் பக்கத்தில் நானும் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு, நாடாவை அவருடைய சரீரம் எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே மடித்துப் பிடிப்பேன். அப்போதுதான் தெரிகிறது: இருப்பவனுக்கு முன்புறம் குறுகிப் பின்புறம் நீண்டுவிடுகிறது. நிற்பவனுக்குத் தைத்த காற்சட்டை, அவன் இருந்தவுடன், பின்னால் இறங்கி முதுகைக் காட்டுகிறது, முன்னால் வயிற்றில் திரண்டு குவிகிறது, கீழே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. ஆகவே பின்னிடுப்பை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். முன்னிடுப்பை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தாழ்த்த வேண்டும். கால் நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். பின்புறப் பை ஒருபோதும் கூடாது. பையைத் தொடையின் மேற்பக்கத்தில், கை இயல்பாக விழுகிற இடத்தில் வைக்க வேண்டும். இருக்கையில் படும் இடத்தில் மூட்டே வராதபடி துண்டுகளை வெட்டுவது உத்தமம். வந்தே தீருமாயின் தட்டையாக மடித்து, நூலின் முடிச்சை வெளிப்புறத்தில் விட வேண்டும். சிறுநீர்க் குழாயும் பையும் உள்ளவர்களுக்கு, காலின் உட்பக்கத்தில் ஒரு சிறு சிப் வைத்தால், பிறர் உதவியின்றித் தாமே பையை வெறுமையாக்கிக்கொள்வார்கள். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயம்பட்டவர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. இறுகிய இடுப்புப் பட்டி ஒன்றே அவர்களுக்கு இரத்த அழுத்தத்தை அபாயகரமாக ஏற்றிவிடக்கூடும் என்று சிகிச்சையாளர் ஒருவர் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து அத்தகையவர்களுக்கு இலாஸ்டிக்கை மிக இளக்கமாகவே இடுகிறேன். அவர்களுடைய சரீரம் வியர்த்துத் தன்னைக் குளிரச்செய்துகொள்ளும் சக்தியையும் பெரிதும் இழந்திருப்பதால், எங்கள் ஊரின் சித்திரை வெயிலுக்குப் பருத்தியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டைக்கும் இதே நியாயம். சக்கரத்தைத் தள்ளுகிற கை முன்னும் பின்னுமாக ஓயாமல் போய்வருகிறது. கக்கத்தில் ஒரு சாய்சதுரத் துண்டு கூடுதலாக வைத்தாலன்றி ஒரே மாதத்தில் கிழிந்துவிடும். கைநுனி அகலமாயிருந்தால் சக்கரத்தில் அகப்படும். பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் சோர்ந்தவர்களுக்கோ, சோர்ந்த கையை முதலில் நுழைத்துப் பிறகு நல்ல கையை நுழைப்பதும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பதும் முறை. அதற்கேற்ப அந்த ஒரு தோளை மாத்திரம் சற்றுத் தாராளமாக வெட்டிவிட்டு, வெளிப்பார்வைக்கு இரண்டு தோளும் சமமாகத் தோன்றும்படி மடிப்பினால் மறைப்பேன்.

தெறிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒற்றைக் கையாலோ நடுங்கும் விரல்களாலோ தெறி பூட்டுவது மலையேறுவதை ஒத்தது. தெறியைத் துணியின்மேல் வெறும் அலங்காரமாகத் தைத்துவிட்டு, அதன் பின்னால் வெல்குரோ வைப்பது எளிய உபாயம். அந்த ஒட்டுநாடா, சுவிற்சர்லாந்துக்காரரான ஜோர்ஜ் டி மெஸ்திரால் என்பவர், தம்முடைய நாயின் மயிரில் ஒட்டிவந்த காட்டு முட்காயை நுணுக்குக்காட்டியில் பார்த்ததிலிருந்து பிறந்தது என்கிறார்கள். நாயுருவி ஒட்டிய வேட்டியோடு வயலிலிருந்து வராதவர் எங்கள் ஊரில் உண்டா? ஆனால் வெல்குரோவிலும் ஒரு குறையுண்டு. கோயிலில், பூசைக்கு மணியடித்து எல்லாரும் மௌனமாக நிற்கையில், மேற்சட்டையைக் கழற்ற வேண்டிய ஒரு முதியவர் அதை இழுத்தபோது எழுந்த ‘கர்ர்’ என்ற சத்தத்துக்கு அத்தனை தலைகளும் திரும்பியதை நான் பார்த்தேன். அந்த முதியவரின் முகத்தையும் பார்த்தேன். அதன் பிறகு கோயிலுக்கும் கலியாணத்துக்கும் உரிய சட்டைகளுக்கு அழுத்துதெறியே வைக்கிறேன். காந்தத் தெறிகளும் இப்பொழுது வந்திருக்கின்றன. இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர்களுக்கு அவை ஆகா என்பதால், கேட்காமல் வைப்பதில்லை. உலோகச் சிப்பை எங்கள் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும்; நைலோன் சிப்பே நிலைக்கும்.

இவையெல்லாம் நானே கண்டுபிடித்த புதுமைகள் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். எங்கள் பகுதிக்கு வந்த ஒரு சிகிச்சையாளர் அம்மையார் என் கடையில் ஒரு முழுப் பிற்பகல் இருந்து சொன்னவற்றைக் கேட்ட பிறகே, இது உலகம் முழுவதும் பலர் நடந்த பாதை என்று அறிந்தேன். அமெரிக்காவிலே ஹெலன் குக்மன் என்ற உடை வடிவமைப்பாளர், 1950களிலேயே, நியூயோர்க்கில் மருத்துவர் ஹவர்ட் ரஸ்க் நடத்திய புனர்வாழ்வு நிறுவனத்தோடு சேர்ந்து, அங்கவீனர்களுக்கான நாகரிக உடைகளை வரைந்தாராம். அதே நிறுவனத்தில் பயின்று திரும்பிய நம்மவர் ஒருவரும் உண்டு: 1954 இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, பின்னர் நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து, வேலூரிலே 1966 இல் புனர்வாழ்வு நிலையத்தை உண்டாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ். அண்மைக் காலத்தில் ரொமி ஹில்ஃபிகர் போன்ற பெரிய நிறுவனங்களும் 2016 முதல் இத்துறைக்கு வந்திருக்கின்றன. எங்கள் நாட்டுப் பெண்கள் ஆயிரமாயிரமாகத் தொழிற்சாலைகளில் இருந்து உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்புகிறார்கள்; அவ்வளவு தேர்ந்த கைகள் உள்ள நாட்டில், நாற்காலியில் இருப்பவனுக்கு ஏற்ற ஒரு காற்சட்டையைக் கடையில் வாங்க முடியவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத துக்கமாயிருக்கிறது. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில், 28 ஆவது உறுப்புரை, உணவையும் வீட்டையும் சொல்லும் அதே வாக்கியத்தில் உடையையும் சொல்லுகிறது. சாய்தளமும் கைப்பிடியும் பற்றிப் பேசுகிறோம். அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் தொழிலில் எனக்கு மிகுந்த கலக்கத்தைத் தந்த வேலை ஒரு கூறைச்சேலை. நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு விவாகம் நிச்சயமாயிற்று. எங்கள் சம்பிரதாயத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறையை மணமகள் சபையிலிருந்து உள்ளே போய் உடுத்துக்கொண்டு திரும்பி வந்த பிறகே தாலி கட்டுவார்கள். முகூர்த்தம் காத்திராது. இருந்த நிலையில் சேலை உடுப்பதென்றால், இருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் சுற்ற, இன்னொருவர் கொய்யகம் செருக வேண்டும். அந்தப் பிள்ளை என் மனைவியிடம் சொன்ன வார்த்தை இது: “அக்கா, அண்டைக்கு மட்டும் என்னை ஒருத்தரும் தூக்கக்கூடாது.” (பெண்களுக்கு அளவெடுப்பதும் அவர்களுடைய மனத்திலுள்ளதைக் கேட்டறிவதும் என் மனைவியின் பொறுப்பு, என் கடையின் பாதித் திறமை அவருடையது.)

சாதாரணச் சேலையென்றால் வெட்டிப் பாவாடைபோலத் தைத்துவிடுவேன். கூறையில் கத்தரிக்கோல் படலாகாது என்று மணமகளின் தாயார் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஆகையால் ஓர் இழையும் வெட்டாமல் செய்ய வேண்டும். என் மனைவியும் நானும் பழைய சேலை ஒன்றை வைத்து ஐந்து இரவுகள் மடித்து மடித்துப் பார்த்தோம். முடிவில் கண்ட வழி: சரிகைத் துணி அவளுக்குக் கீழே போகவே கூடாது, போனால் புண், எனவே, சுற்றிக்கொண்டு பின்னால் போகவேண்டிய நீளத்தை முன்புறக் கொய்யகத்தில் கூடுதல் மடிப்புகளாகச் சேர்த்துவிட்டோம். கொய்யகத்தை இடுப்பிலிருந்து விரியவிடாமல் மடியில் தட்டையாகப் படியவைத்து, முழங்காலிலிருந்து விசிறிபோல விழச்செய்தோம். மேல்விளிம்பை ஒரு பருத்திப் பட்டியோடு, பின்னால் பிரித்தெடுத்தால் அடையாளமே இல்லாதபடி, பட்டு நூலால் இளையோட்டம் போட்டோம். அதே நிறத்து மென்பருத்திப் பாவாடை ஒன்று உள்ளே. பட்டியின் இரு முனைகளும் விலாப்பக்கத்தில் அழுத்துதெறியால் பாவாடையில் பூட்டிக்கொள்ளும். முந்தானை சக்கரத்தில் அகப்படாதபடி, தோளிலும் இடுப்பிலும் உள்ளே இரு கொக்கிகள். கரை தரையில் புரளாமல், பாதத்தை மறைத்து நிற்கும்படி, நாற்காலியின் கால்தாங்கிக்கு மேலே அரை அங்குலம் விட்டு அளந்தோம்.

விவாக தினத்தில் நான் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தேன். மணமகள் உள்ளே போனபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். என் மனைவி அறை வாசலில் வெளியேதான் நின்றார். ஆறு நிமிஷத்தில் கதவு திறந்தது. சிவப்பும் பொன்னுமாக அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். கொய்யகம் ஒரு மடிப்பும் கலையவில்லை. மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் பிற்பாடு, “வடிவா உடுத்திவிட்டிருக்கினம், ஆர் பிள்ளை உடுத்திவிட்டது?” என்று கேட்டாராம். “நான்தான் உடுத்தனான், மாமி” என்றாளாம்.

இப்பொழுது என் இயந்திரத்தில் இருப்பது ஒரு பாடசாலைச் சிறுமியின் வெள்ளைச் சட்டை. அரசாங்கம் வருஷந்தோறும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சீருடைத் துணி நிற்கிற பிள்ளைக்கென்று கணக்கிட்ட துணி. பின்புறத்தை நீட்டவும் கக்கத் துண்டு வைக்கவும் அதில் மிச்சம் வருவதில்லை. ஆகையால் துணியை மேசையில் விரித்து, எந்தத் துண்டை எந்த மூலையில் திருப்பி வைத்தால் அரைச் சாண் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருப்பவளுக்கு மடிப்பில்லாத நேர்ச்சட்டைதான் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளதைப்போலவே தனக்கும் பெட்டி மடிப்பு வேண்டும், குறைந்தது நாலு வேண்டும், எண்ணிப் பார்ப்பேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மடிப்பை இடுப்பில் தொடங்காமல் மடியின் விளிம்பில் தொடங்கினால் நாலும் வரும் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டுப் பார்க்க வருகிறாள்.